கோணல் கழுத்து

“கழுத்து கோணல் சார் அது. ஆறு மாசத்துல கம்பியெல்லாம் இரைய ஆரம்பிச்சிடும். வேற பாருங்க.”

கடையின் கண்ணாடிக் கதவைத் தள்ளிய அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

உள்ளே விற்பனையாளர் ஒரு ஆளுக்குக் காட்டிக்கொண்டிருந்தது அவளுடைய பேஸ் கிட்டாரை. அவளுடையது என்றால், இன்னும் காசு கொடுக்கவில்லை. கொடுக்கத்தான் வந்திருக்கிறாள்.

பள்ளி வேன் ஓட்டுகிறவள் அவள். உடன் ஓட்டுகிற மூன்று பேரோடு சேர்ந்து ஒரு பாட்டுக் குழு. அதில் பேஸ் வாசிப்பது அவள். இரவல் கிட்டாரை வைத்தே இரண்டு வருஷம் ஒப்பேற்றிவிட்டாள். போன மாதம் அதன் சொந்தக்காரர் ஊர் மாறிப் போனார். கிட்டாரும் கூடவே போய்விட்டது. நாளைக்குக் கச்சேரி. அதற்குள் சொந்தமாக ஒன்று இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று குழுவில் சொல்லிவிட்டார்கள்.

வீட்டுக்காரருக்கு இதெல்லாம் வேடிக்கை. “தும் தும்முனு ஒரு சத்தம். அதுக்கு நம்ம வாஷிங் மெஷினே போதுமே.”

“வாஷிங் மெஷினை யாரும் மேடையில ஏத்த மாட்டாங்க,” என்றாள். மறுநாளே சாயங்காலம் கூடுதலாக ஒரு நடை ஓட்ட ஒப்புக்கொண்டாள்.

அவள் கைக்கு எட்டிய விலையில் கடையில் இருந்தவை மூன்றே மூன்று. ஒன்று புதுசு, பளபளவென்று இருந்தது; தோளில் மாட்டிக் கையை விட்டால் அதன் தலைப்பக்கம் கீழே தொங்கியது. இன்னொன்று தகர டப்பா மாதிரி அதிர்ந்தது. மூன்றாவது பழசு. கை உரசி உரசிச் சாயம் போயிருந்தது. கம்பி முறுக்கும் திருகுகளில் ஒன்று மட்டும் வேறு நிறம். ஆனால் தடித்த கம்பியைத் தட்டியதும் வயிற்றுக்குள் வேன் கிளம்பியது போல் இருந்தது. அன்றே முடிவு செய்துவிட்டாள்.

பணம் சேரும் வரை ஒரு மாதம் எடுத்து வைக்க முடியுமா என்று கேட்டதற்கு, விற்பனையாளர் தலையைக்கூட நிமிர்த்தாமல் சுவரில் இருந்த பலகையைக் காட்டினார். பாதி விலையை முன்பணமாகக் கட்டாமல் எதையும் எடுத்து வைப்பதில்லை. முதலாளி உத்தரவு. மீறி எடுத்து வைத்த ஒருவருக்குப் போன வருஷம் வேலையே போய்விட்டதாம். நல்ல சரக்கு, விற்காமல் இருந்தால் உங்கள் அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டு ரசீதுப் புத்தகத்தில் குனிந்துகொண்டார். அன்றைக்கு அவள் அவருக்கு வைத்த பெயர் சிடுமூஞ்சி.

அதன்பின் ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்து, அது சுவரில் தொங்குகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போனாள். நிம்மதியாகத்தான் போனாள். இப்போதல்லவா தெரிகிறது, ஏன் விற்கவில்லை என்று.

வந்த ஆள் வேறொன்றை வாங்கிக்கொண்டு வெளியேறியதும் நேரே உள்ளே போனாள்.

“ஏங்க, அவருக்குக் கழுத்து கோணல், எனக்கு மட்டும் நல்ல சரக்கா? வேன் ஓட்டுறவதானே, இவளுக்கு என்ன தெரியப்போகுதுன்னு நினைச்சீங்களா?”

சிடுமூஞ்சி பின்னறைக் கதவையே பார்த்தார்.

“அங்க என்ன பார்வை? முதலாளியைக் கூப்பிடுங்க. அவர்கிட்டயே கேட்டுக்கறேன்.”

“கொஞ்சம் மெதுவாம்மா,” என்றார் அவர்.

அவள் மெதுவாகப் பேசுகிற நிலையில் இல்லை. கிட்டாரைத் தானே இறக்கினாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சக்கரம் நேராக ஓடுகிறதா என்று பார்ப்பது போல் கழுத்து நெடுகப் பார்த்தாள். கம்பியை இரண்டு முனையிலும் அழுத்தி, நடுவில் இடைவெளி பார்த்தாள்.

ஸ்கேல் வைத்துக் கோடு போட்டது போல் இருந்தது.

“நேராத்தானே இருக்கு?” குரல் தானாக இறங்கியது. “அப்புறம் எதுக்கு அவர்கிட்ட பொய் சொன்னீங்க?”

“அவர்கிட்ட மட்டுமா?” சிடுமூஞ்சி உதடு அசையாமல் முணுமுணுத்தார். “நீங்க முதல் தடவை வந்துட்டுப் போனதுலேர்ந்து ஏழு பேர் கேட்டுட்டாங்க. எடுத்து வைக்கக் கூடாதுன்னு உத்தரவு. வேற என்ன சொல்லி அனுப்பறது?”

அவளும் இப்போது பின்னறைப் பக்கம் திரும்பினாள்.

அதற்குள் பின்னறைக் கதவு திறந்துவிட்டது. முதலாளி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்தார். அவள் கத்தியதில் ‘கழுத்து கோணல்’ மட்டும் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். அவளைப் பார்க்கவில்லை, சிடுமூஞ்சியைத்தான் பார்த்தார்.

“எந்தக் கிட்டாருக்குய்யா கழுத்து கோணல்? யார்கிட்ட அப்படிச் சொன்னே?”

சிடுமூஞ்சியின் கை ரசீதுப் புத்தகத்தின் மேலேயே கிடந்தது.

அவள் கிட்டாரை உறைக்குள் தள்ளி, ஜிப்பைக் கழுத்து வரை இழுத்து மூடினாள்.

“என்கிட்டதாங்க சொன்னார். கோணல், வாங்காதீங்கன்னு தலைப்பாடா அடிச்சிக்கறார். நானும் பார்த்தேன், கோணல்தான். எனக்கு இதுதான் வேணும்னு நான்தான் சண்டை போட்டுட்டிருக்கேன். பில்லைப் போடச் சொல்லுங்க.”