ஏத்தத்துல மட்டும் புகை

“நான் ஓட்டுனா ஒரு நாளும் புகையல. இவ ஓட்டுற அன்னிக்கு மட்டும் கம்மாக்கரை ஏத்தத்துல நீலப் புகையாத் தள்ளுது,” என்றார் முத்தரசு.

செக்காலையிலிருந்து கல்லலுக்கு வந்திருந்த மெக்கானிக் பழைய டிராக்டரைச் சுற்றி வந்தார்.

“ஆயில் எரியுதுண்ணே. இன்ஜினைப் பிரிச்சாத்தான் தெரியும். இல்ல, அக்கா ஓட்டத் தெரியாம ஆக்சிலேட்டரைப் போட்டு மிதிக்கிறாகளோ என்னவோ!”

முத்தரசுவின் மனைவி பூங்கொடிக்குச் சுருக்கென்றது.

“இன்னிக்கும் நான்தான் ஓட்டப் போறேன். இன்ஜினைப் பிரிக்க வேணாம், ஏர் ஃபில்டருக்கு அடியில, தூசி பிடிக்க ஆயில் ஊத்தி வச்சிருக்குற கிண்ணத்தைக் கழட்டுங்க.”

மெக்கானிக் கழற்றினார். ஆயில் அளவுக்கோட்டைத் தாண்டித் தளும்பியது.

“நேத்துச் சாயங்காலம் நான் பாத்தப்ப கோட்டோட நின்னுச்சு. கோட்டுக்கு மேல இருந்தா, ஏத்தத்துல இன்ஜின் அதை உறிஞ்சி எரிக்கும். எரிஞ்சு தீந்துட்டா மறுநாள் புகை வராது. யாரு ஊத்துனது?”

முத்தரசு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நாந்தேன். நீ வண்டி எடுக்குற அன்னிக்கு டீசல், தண்ணி, இந்தக் கிண்ணத்து ஆயிலு எல்லாத்தையும் காலையிலயே கொஞ்சம் கூட ஊத்திருவேன். நம்ம ஊருல டிராக்டர் ஓட்டுற ஒரே பொம்பள நீ. வழியில நின்டுட்டா நாலு பேரு சிரிப்பானுகளேன்னுதான்...”

பூங்கொடி அதிகப்படி ஆயிலைக் கொட்டிவிட்டு, கிண்ணத்தை மாட்டி, சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

“இனிமே ஊத்தாதீக. நின்டா நிக்கட்டும். நானே இறங்கிச் சரி பண்றதையும் அந்த நாலு பேரு பாக்கட்டும்.”