ஒத்துப்போகாத இருமல்

இந்தக் காலத்தில் ஒருவன் நடுத்தெருவில் இருமினால் ஏன் என்று கேட்க நாதியில்லை. கையிலிருக்கிற திரையைப் பார்த்துவிட்டு, "காத்து நல்லாத்தானே இருக்கு" என்கிறார்கள். முனிரத்தினத்துக்கு அதைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

மணலியில் அவருக்கு வேலையே இருமுவதுதான். தினமும் உச்சி வெயிலில் தெருமுனையில் நிற்பார். அன்றைக்குக் காற்றில் நெஞ்சை எரிக்கும் ஓசோன் நச்சு எவ்வளவு இருக்கும் என்று கணினி சொன்னது சரிதானா என்று அவர் நெஞ்சை வைத்துச் சோதித்தார்கள். அந்தக் கணிப்பை நம்பித்தான் தெருக்கூட்டுகிறவர்களை வெளியே விடுவார்கள்.

ஒரு வாரமாக அவர் நெஞ்சு எரிந்து இருமிக்கொண்டிருந்தார். ஆனாலும் இன்று தெருக்கூட்ட அனுப்பப்பட்டிருந்த அவர் மகள் கோமளா துடைப்பத்தோடு தள்ளாடி வந்தாள். அவள் உதடு நீலம் பாய்ந்திருந்தது. அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இன்னாம்மா இது? நான் இருமுனத யாரும் எழுதலயா?" என்று, தெருமுனையில் மேசை போட்டு அவர் இருமலைக் குறித்துக்கொள்ளும் அலுவலர் பெண்ணிடம் கத்தினார்.

"எழுதினோம் பெரியவரே. கணினியோட ஒத்துப்போகல. அதான் வயசுக் கோளாறுன்னு தள்ளிட்டோம். இந்த வருஷம் கணிப்பு நூத்துக்கு நூறு!"

"இவளுக்கு இன்னா, முப்பது வயசுலயே வயசுக் கோளாறா?"

அந்தப் பெண் திரையைத் திருப்பிக் காட்டினாள். "பாருங்க, பச்சை."

முனிரத்தினம் மகள் கையிலிருந்த துடைப்பத்தைப் பிடுங்கி அந்தப் பெண்ணின் மேசைமேல் போட்டார். மகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தார்.

"உன் பொட்டிக்குள்ள பச்சையாத்தான் இருக்கும்" என்றார், திரும்பாமலே.