ஆறாவது தட்டு

இரண்டுதான் இருக்க வேண்டும்.

நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல் அவள் மறுபடியும் எண்ணினாள். கருமைக்கு நடுவே ஓர் உயிரணு. அதனுள் சிவப்புப் புள்ளிகள். ஏழு. பன்னிரண்டு. பத்தொன்பது. அதற்குமேல் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு எண்ணவிடவில்லை.

ஒவ்வொரு புள்ளியும், மருந்தை முறிக்கும் மரபணுவின் ஒரு பிரதி. இயல்பான உயிரணுவில் இரண்டே பிரதிகள்.

சுற்றத்தார் எல்லாரும் மடிந்துகொண்டிருக்க, இது மட்டும் வகுப்பில் தண்டனை எழுதும் மாணவனைப்போல, பிழைக்கும் வழியை ஒரே வரியாக எழுதி எழுதி நிரப்பியிருக்கிறது.

உயிரணுக்கள் லூர்தக்காவினுடையவை. இதே ஆய்வகத்தில் கண்ணாடிச் சாமான் கழுவும் லூர்தக்கா. அவர் மார்பில் எடுத்த புற்றுக்கட்டியை ஆறு கண்ணாடித் தட்டுகளில் வளர்த்து, மருந்து விட்டிருந்தார்கள்.

நாளை அதே மருந்துதான் அவர் நரம்பில் ஏற வேண்டும்.

உயிரணுக்கள் செத்தால் தட்டு கழுவ வரும் என்று அவரிடம் சொல்லியிருந்தாள்.

சொல்லியிருக்கக் கூடாது.

ஐந்து வந்துவிட்டன. ஆறாவதுதான் இப்போது நுண்ணோக்கியின் அடியில். ஐந்தையும் அவரே தேய்த்து, துடைத்து, அலமாரியில் அடுக்கினார். ஒன்று விரலைக் கிழித்தது. பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு சிரித்தார்.

"என்கிட்ட வளந்தது எதுவும் லேசுல அடங்காது மேடம். எம் பசங்களையே பாருங்களேன்."

இப்போது கதவுக்கு வெளியே அதே குரல்.

"ஆறாவது ஆயிடுச்சா மேடம்? கழுவுற பேசினை இங்க வெச்சிருக்கேன். டீ குடிச்சிட்டு வந்துடறேன்."

செருப்போசை தேய்ந்தது.

மாலையில் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். அவர் லூர்தக்காவிடம் சொல்வார். அதுவரை ஒரு பகல் இருக்கிறது.

ஒரு பகலாவது.

அலமாரியைத் திறந்தாள். கழுவி அடுக்கிய ஐந்தில் கைக்கு வந்த தட்டை எடுத்தாள். குழாயில் நனைத்து, பேசினில் வைத்தாள்.

லூர்தக்கா வந்தார். பேசினைப் பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டார். சோப்பைக் குழைத்துத் தேய்க்கத் தொடங்கினார்.

கை நின்றது.

தட்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். பிளாஸ்திரி விரல் அதன் விளிம்பில் மெல்ல ஊர்ந்தது. ஓரிடத்தில் சிறு உடைசல்.

"முந்தாநாள் என்னைக் கடிச்சது இதுதான் மேடம்."



லூர்தக்கா நுரையை அலசினார். ஈரம் போகத் துடைத்தார். அலமாரியைத் திறந்து, நான்கின் பக்கத்தில் ஐந்தாவதாகக் கவிழ்த்தார்.

பிறகு ஐந்தையும் இரு கையாலும் ஒதுக்கி, இன்னொன்றுக்கு இடம் விட்டார்.