அடைத்து வைத்த வயலின்

"வயலினை எப்பவும்போல அடைச்சுடுங்க. ஒரு துளி சத்தம்கூட வெளியே போகக் கூடாது."

மேடைக்குப் போகிற வழியில் டிரம்ஸ்காரர் சவுண்ட்காரரிடம் குனிந்து சொன்னது சின்னவள் காதில் தெளிவாக விழுந்தது. கடைசி வரிசையில் அவளுடைய நாற்காலிக்குப் பின்னால்தான் சவுண்ட்காரரின் மேஜை.

"அக்கா, கேட்டியா?"

"கேட்டேன். அவங்களுக்குள்ள என்ன சண்டையோ. நீ பாட்டைக் கேளு."

சின்னவள் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். எதிரில் ஆள் நின்றால் வாய் திறக்கமாட்டாள். மேடையில் பாடப்போகும் பாடகியின் இணைய ரசிகர் பக்கத்தில் தினமும் நாலு பதிவு போடுவது இவள்தான் என்றால் கடையில் யாரும் நம்பமாட்டார்கள்.

அன்று அந்த ரசிகர்களுக்கான மாலை. முதல் பாதி முழுக்கச் சமூக ஊடகம் பற்றிய பேச்சு, அப்புறம் பாட்டு. "அநியாயம் கண்ணில் பட்டால் நாலு வரி எழுதுங்க, மத்ததை ஊர் பார்த்துக்கும்" என்று பேசிய ஒருவருக்குத்தான் அதிகக் கைத்தட்டல். ரசிகர்களின் பதிவுகள் மேடைக்குப் பின்னால் பெரிய திரையில் உடனுக்குடன் ஓடிக்கொண்டிருந்தன.

பாட்டு ஆரம்பித்தது. மேடை ஓரத்தில் ஐம்பது வயதுக்காரர் ஒருவர் கண்ணை மூடி வயலின் வாசித்துக்கொண்டிருந்தார். வில் போய்ப் போய் வந்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

சின்னவள் திரும்பிப் பார்த்தாள். மேஜையில் வரிசையாக, மேலும் கீழும் தள்ளுகிற பொத்தான்கள், அடியில் வெள்ளை டேப்பில் பெயர்கள். மற்றதெல்லாம் மேலே இருக்க, 'வயலின்' மட்டும் அடிமட்டத்தில் கிடந்தது.

"பாவம்க்கா. அவருக்குத் தெரியவே இல்ல போல."

"போய்க் கேளேன்."

"நானா?"

"அதானே. உனக்கு வாய் எங்க இருக்கு? எல்லாம் கட்டைவிரல்லதானே."

சின்னவளுக்குச் சுருக்கென்றது. சவுண்ட்காரரின் முகமும் அந்தப் பொத்தானும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்தாள். காதில் ஹெட்போன் மாட்டியிருந்த அவர் கவனிக்கவில்லை.

'வயலின் கலைஞரின் சத்தத்தை இந்த ஆள் வேண்டுமென்றே அடைத்து வைத்திருக்கிறார். இது கலைக்குச் செய்யும் துரோகம். கேட்க ஆளில்லையா?'

பதிவு திரையில் ஏறியது. முதலில் இரண்டு பேர் கத்தினார்கள், பிறகு இருபது பேர். பாட்டு முடிந்ததும் அரங்கமே தாளம் தட்ட ஆரம்பித்தது.

"வயலின்... வயலின்..."

திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த வயலின்காரருக்குப் பதிவு தெரியவில்லை. தன்னைத்தான் கேட்கிறார்கள் என்பது மட்டும் புரிந்தது. நம்ப முடியாமல் பாடகியைப் பார்த்தார். எழுந்து, நெஞ்சில் கைவைத்துக் குனிந்தார்.

"அடுத்த பாட்டு..." என்று பாடகி அவசரமாக ஆரம்பித்தார். கூட்டம் விடவில்லை. வயலின்காரர் வில்லைத் தூக்கித் தனியாக வாசிக்கவே ஆரம்பித்துவிட்டார்.

"பாத்தியாக்கா?" என்றாள் சின்னவள். அவள் குரலே அவளுக்குப் புதிதாக இருந்தது.

நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"என்னய்யா, மானத்தை வாங்கறே? திறந்து விடு."

"சார், வேண்டாம். ஒரு நிமிஷம் கேளுங்க..."

அவர் கேட்கவில்லை. தானே கையை நீட்டிப் பொத்தானை மேலே தள்ளினார்.

வயலின் அரங்கத்துக்குள் வந்தது. ஒரு சுரம் பாதியில் வழுக்கியது. அடுத்தது எங்கோ போய் விழுந்தது. மூன்றாவது வரவே இல்லை. முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேடையில் அவர் கண்ணைத் திறந்தார்.

சவுண்ட்காரர் ஏற்பாட்டாளரின் கையைத் தட்டிவிட்டு, அதே பொத்தானை உச்சிவரை தள்ளினார். ஸ்பீக்கர்கள் வீலென்று அலறின. எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். அடுத்த நொடி பொத்தானை அடிமட்டத்துக்கு இழுத்தார்.

"அறிவிருக்கா உனக்கு?" என்று ஏற்பாட்டாளர் பல்லைக் கடித்தார்.

"போன வருஷம் அவருக்குப் பக்கவாதம் சார். இப்பதான் விரல் மடங்குது." சவுண்ட்காரரின் குரல் தாழ்ந்திருந்தது. "வீட்ல வயலினைத் தொடவே மாட்டேங்கறார். மேடைன்னா வாசிக்கிறார். விட்டுடாதீங்கன்னு டாக்டரும் சொல்லிட்டார். அவர் காலடியில இருக்கிற சின்ன ஸ்பீக்கருக்கு மட்டும் சத்தம் போகும். மத்த வாத்தியங்களோட சேர்ந்து வாசிக்கிறப்ப தன்னோட பிசகு யாருக்கும் தெரியலைன்னு நினைச்சுக்கிட்டிருக்கார். பதினோரு கச்சேரியா நாங்களும் அப்படியே நினைக்க விட்டுட்டோம்."

ஏற்பாட்டாளர் மேஜையிலிருந்து ஓர் எட்டுப் பின்வாங்கினார்.

சின்னவளின் மடியில் கைபேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. 'நல்லா கேட்டீங்க.' 'இந்த ஆளை முதல்ல துரத்துங்க.' 'சபாஷ் சகோதரி.' அவள் அதைக் கவிழ்த்து வைத்தாள். கவிழ்த்த பிறகும் அதிர்ந்தது. ஏதாவது சொல்லத் திரும்பினாள். அக்கா அவளைப் பார்க்காமல் தன் கைப்பையின் வாரையே பார்த்துக்கொண்டிருந்தாள். திரையில் சவுண்ட்காரரின் முகம், அவள் எடுத்த படம், ஆளுயரத்துக்கு மேல் பெரிதாக நின்றது.

மேடையில் வயலின்காரர் தன் இடது கை விரல்களை ஒருமுறை பார்த்தார். பிறகு வயலினைப் பெட்டிக்குள் வைக்கக் குனிந்தார்.

சவுண்ட்காரர் மேஜையிலிருந்த மைக்கை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"எல்லாரும் மன்னிக்கணும். அண்ணன் சரியாத்தான் வாசிச்சார். வயலின் மைக்தான் பழுது, சத்தத்தைக் கடிச்சுக் குதறிடுச்சு. சாயங்காலமே எனக்குத் தெரியும். வேற மைக் மாட்டச் சோம்பல்பட்டு நான்தான் அடைச்சு வச்சேன்" என்று சொன்னவர், வயலின்காரர் வயலினை மறுபடியும் தோளில் ஏற்றும்வரை, அரங்கத்தின் ஊளையை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றார்.