கச்சர்

மூட்டை தூக்கித் தேய்ந்த முதுகு வலிக்க, ஆபிரகாம் மாமல்லபுரம் கல்பட்டறையில் நின்றார். மகன் சாமின் கல்லறைக் கல்லில் பெயர் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

“பேருக்குக் கீழ ‘கச்சர்’னு போடணும், நைனா. பட்டாளத்துல அவன அப்டிதான் கூப்டுவோம்,” என்றான் சாமுடன் ராணுவத்தில் இருந்த மாரி.

“அப்டின்னா இன்னா?”

“இந்தில கோவேறு கழுதை.”

“என்னை மாதிரி சொமக்கக் கூடாதுன்னுதான்டா அவன அனுப்ச்சேன். அங்கயும் கழுதைன்னீங்களா?”

மாரி பேண்டை உயர்த்தினான். முழங்காலுக்குக் கீழே பிளாஸ்டிக் கால்.

“மலைல அடிபட்டவங்கள முதுகுல சொமந்துகினு வருவான். அதான் அந்தப் பேரு. என்னை எறக்கி வுட்டுட்டு இன்னொருத்தன தூக்கப் போனான். திரும்பி வரல.”

ஆபிரகாம் தன் முதுகைத் தடவிக்கொண்டார். “பெருசா வெட்டுப்பா,” என்றார் சிற்பியிடம்.

“உன் புள்ளைக்கு நான் ஒரு உசுரு பாக்கி, நைனா,” என்றான் மாரி.