இன்னொரு தரம் சொல்லுங்க

சிவப்பு விளக்குக்கு முன்னால் ஐந்து பைக்குகள் உறுமிக்கொண்டு நிற்கின்றன. நடு பைக்கின் பின்னிருக்கையில் அவள். ஹெல்மெட்டுக்குள், காதோர ஸ்பீக்கரில், முன்னால் இருக்கும் கணவனின் குரல் குளவியாகக் குடைகிறது. "வளைவுல என்னோட சேந்து சாயணும்னு எத்தனை தடவ சொல்றது? தலையில என்ன, களிமண்ணா? உன்னை என் தலையில கட்டிட்டு உங்கம்மா நிம்மதியா இருக்கா." இந்தக் கருவி வருவதற்கு முன் வண்டியை நிறுத்தித்தான் திட்டுவான், நாலு பேர் பார்த்தால் பல்லைக் கடித்துக்கொள்வான். இப்போது அந்தக் கவலை இல்லை. பக்கத்து பைக் நண்பனுக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிக்கொண்டே திட்டுகிறான். நண்பர்களுக்கு அவன் தங்கமான மனிதன்.

அவள் கையுறையைக் கழற்றுகிறாள். ஹெல்மெட்டின் பக்கவாட்டில் இரண்டு பொத்தான்கள்: சின்னது இவர்கள் இருவர் மட்டும் பேச, பெரியது கூட வரும் நண்பர்களின் வண்டிகளையும் பேச்சில் சேர்த்துக்கொள்ள. அவன்தான் சொல்லிக்கொடுத்தான், அதையும் தலையில் குட்டித்தான். இத்தனை நாள் விழுங்கியதெல்லாம் விரல்நுனியில் திரள, பெரியதை அழுத்துகிறாள். 'பீப்' ஒலி அவன் கத்தலில் அமுங்கிப்போகிறது. "காத்துல சரியா கேக்கலங்க," என்கிறாள், இலைகூட அசையாத வெயிலில். "எங்கம்மாவைப் பத்தி என்னமோ சொன்னீங்களே. இன்னொரு தரம் சொல்லுங்க." அவன் சொல்கிறான். ஒரு வார்த்தை விடாமல், இன்னும் சத்தமாக, புதிதாகச் சிலவற்றைச் சேர்த்து. சுற்றிலும் ஹெல்மெட்டுகள் ஒவ்வொன்றாக அவன் பக்கம் திரும்புகின்றன. உயர்த்திய கட்டைவிரலை அவன் இன்னும் இறக்கவில்லை. விளக்கு பச்சைக்கு மாறுகிறது. ஒரு வண்டியும் நகரவில்லை.