மின்னாத கைகள்

பகல் பன்னிரண்டு மணிக்கு, பார்வையாளர் மணி அடித்ததும், குறைமாதப் பிள்ளைகளின் வார்டில் ஜன்னல் திரைச்சீலைகளை இழுத்துவிட்டு விளக்குகளை அணைத்தார்கள்.

தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்திருந்த சஞ்சீவனி வெளியே கண்ணாடியோடு ஒட்டி நின்றாள்.

உள்ளே, சூட்டுப் பெட்டிக்குள், அவள் மகள். பெற்றதிலிருந்து ஒரு தடவைகூடத் தூக்கவில்லை. வார்டில் கிருமி தொற்றியிருந்ததால் தாய்மார் யாரும் உள்ளே போகக் கூடாது.

அந்தத் தடை இன்று நீங்கலாம். நீங்காமலும் போகலாம்.

தொற்றுத் தடுப்புத் தாதி ஜஹானா விடிந்ததும் யாருக்கும் சொல்லாமல் பெட்டிகளின் கைப்பிடிகளில் ஒரு பசையைத் தடவி வைத்திருந்தாள். கண்ணுக்குத் தெரியாது. ஊதா விளக்கின் கீழ் மட்டும் மின்னும். பிடியைத் தொட்டபின் ஒழுங்காகச் சுத்தம் செய்த கை மின்னாது.

“ஒரு கை மின்னினாலும் இன்னும் ஒரு கிழமைக்கு வெளியதான், தங்கச்சி.”

“மின்னாது மிஸ். மாரியம்மனுக்கு நேந்திருக்கேன்.”

“அம்மனையே வந்து இவங்க கையெல்லாம் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிடச் சொல்லு” என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனாள் ஜஹானா.

சஞ்சீவனிக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்கு இன்னொரு பயமும் இருந்தது.

காலையில் டொக்டர் றொமேஷ் பிள்ளையின் நிறை கூடியிருப்பதாகச் சொன்னார். சிங்களத்தில் சொன்னார். எதையும் சிங்களத்தில்தான் சொல்வார், அதுவும் இரண்டு சொல்லுக்கு மேல் போகாது. அவர் சிரித்து வார்டில் யாரும் பார்த்ததில்லை.

ஒரு தாதி அதைத் தமிழில் சொன்னதும் சஞ்சீவனி கண்ணாடிக்கு இப்பாலிருந்தே இரண்டு கைகளையும் பிள்ளையை நோக்கி நீட்டி, விரல்களை மடக்கி, தன் நெற்றிப்பொட்டுகளில் வைத்து அழுத்தினாள். படபடவென்று நெட்டி முறிந்தது. கண்பட்டுவிடக் கூடாதே.

உள்ளே நின்ற சிங்களத் தாதி தானும் செய்து பார்த்தாள். விரல்கள் கன்னத்தில் போய் நின்றன. ஒன்றும் முறியவில்லை. கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் சிரிப்பு.

டொக்டர் மட்டும் முதுகைக் காட்டி நின்று பெட்டியின் கதவை மூடிக்கொண்டிருந்தார்.

இப்போது இருட்டில் ஊதா விளக்கு எரிந்தது.

தாதிகள் ஒவ்வொருவராகக் கை நீட்டினார்கள். உள்ளங்கை, புறங்கை, நகக்கண். மின்னவில்லை. அடுத்தவர். மின்னவில்லை. சஞ்சீவனி மூச்சை விட்டு மறுபடி பிடித்தாள்.

கடைசியாக டொக்டர். விளக்கு அவர் விரலிடுக்குகளில் நின்று நின்று போனது.

மின்னவில்லை.

வார்டே கைதட்டியது. ஜஹானா சந்தோஷத்தில் விளக்கை உயர்த்தி ஆட்டினாள். வெளிச்சம் டொக்டரின் முகத்தில் விழுந்தது.

கைதட்டல் நின்றது.

அவருடைய இரண்டு நெற்றிப்பொட்டுகளிலும் பச்சைப் புள்ளிகள். ஒரு பக்கம் நான்கு, மறுபக்கம் நான்கு.

தலைவலியா சேர் என்று ஜஹானா சிங்களத்தில் கேட்டாள். முகத்தைத் தொட்டதற்கு நாளைக்குத் தனியாக ஏச்சு இருக்கிறது, இன்றைக்குக் கை மட்டும்தான் கணக்கு என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். டொக்டர் கைக்குட்டையைத் தேடினார்.

சஞ்சீவனியின் விரல்கள் தாமாகவே தன் நெற்றிப்பொட்டுகளுக்குப் போயின. அதே இடம்.

விளக்குகள் எரிந்தன. கதவு திறந்தது.

முழங்கை வரை சவர்க்காரம் போட்டு அவள் கழுவினாள். போதும் என்று ஜஹானா சொன்ன பிறகும் கழுவினாள். கதிரையில் உட்கார்த்தினார்கள். டொக்டர் தானே பிள்ளையை எடுத்து வந்து அவள் நெஞ்சின் மேல் வைத்தார்.

அவ்வளவு சூடு. அவ்வளவு சிறிய முதுகு. பிள்ளை ஒரு தரம் முனகிவிட்டு அடங்கியது. சஞ்சீவனி அழுதாள், சிரித்தாள், எது முதலில் என்று தெரியவில்லை.

டொக்டர் இன்னும் குனிந்தபடி பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாதாரண வெளிச்சத்தில் அவர் நெற்றியில் ஒன்றும் தெரியவில்லை.

மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சஞ்சீவனி கேட்டாள்.

“நீங்க எந்தத் தோட்டம், டொக்டர்?”